தண்ணீர் இல்லாத அருவிக்குத் தலைக்கு எண்ணெய்

மே மாதம், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ். பக்கத்து இருக்கைக்காரர் குடும்பத்தோடு அருவியில் குளிக்கப் போகிறாராம். நேரம் மிச்சமாகட்டும் என்று மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். எப்பேர்ப்பட்ட திட்டம்! வளைவுக்கு வளைவு பிள்ளைகளின் தலையைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் வைத்தார்.

"இந்த வெயில்ல அருவியில தண்ணி இருக்காதுங்களே" என்றேன்.

"தண்ணி வர்றப்ப ஸ்கூல தொறந்துடறாங்க. இன்னா பண்றது? லீவு வுட்டாதான வர முடியும்?"

தப்பு அருவியின் மேல்தான் என்பதுபோலச் சொன்னார்.

மாலையில் மலையிறங்கும் பஸ்ஸிலும் அவர்களே. தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. செம்மண் மட்டும் கூடுதல். அவர் கையிலிருந்த சீயக்காய்ப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

"குளியல் எப்படிங்க?" என்றேன், வேண்டுமென்றேதான்.

"சொட்டுத் தண்ணி இல்லிங்க. மிச்ச எண்ணெய பாறையில ஊத்திட்டேன். புள்ளைங்க பொழுதுக்கும் சறுக்கிக்கினே கெடந்துச்சிங்க. தண்ணி இருந்தா இது நடக்குமா?"

இதுவும் அவர் திட்டத்தில் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பின்பக்கம் கிழிந்த பாவாடையோடு அவருடைய சின்ன மகள், எண்ணெய்த் தலையை என் வெள்ளைச் சட்டையில் சாய்த்து, தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.