விருந்தாளி அறையில் அக்காவின் மெஷின்

அக்கா வீட்டில் இருப்பதிலேயே நல்ல அறை விருந்தாளிகளுக்கு. பெரிய ஜன்னல், வெளிச்சம், காற்று, எல்லாம் உண்டு. விருந்தாளிதான் இல்லை. மெத்தை வாங்கி ஆறு வருஷமாகியும் அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. இடையில் ஒரே ஒருவர் வந்தார். டீ குடித்துவிட்டு, லாட்ஜில் ரூம் போட்டிருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

வேலை கிடைத்து நான் அங்கே தங்க வந்தபோது, "அந்த ரூம்ல படுத்துக்கட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"நீ என்ன விருந்தாளியா மாப்ள? வீட்டு ஆளு!" என்று மாமா முதுகில் தட்டினார். அந்தப் பாசத்தில் நெகிழ்ந்து ஹாலில் பாயை விரித்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு அடுக்குக்கும் நடுவே, ஓர் ஆட்டங்கண்ட மடக்கு மேசையில் அக்காவின் தையல் மெஷினும் என்னோடு குடியிருந்தது. அதுவும் வீட்டு ஆள்தான்.

அக்கா ஒரு துணிக் கம்பெனியில் எட்டு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தவள். அவள் தைத்த காலருக்குக் கீழே யார் கை வைத்தார்கள், யார் பட்டன் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காலர்கள்தான் என்னைப் படிக்க வைத்தன. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதை நானாகச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை; பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுபவர்வரை எல்லாரிடமும் அக்கா முந்திக்கொள்வாள்.

கம்பெனியை விட்ட பிறகு குயில்ட் தைக்க ஆரம்பித்தாள். மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரே துணி; மூன்றையும் சேர்த்து மெஷினில் கோடு கோடாக ஓட்டவேண்டும். "தொடக்கத்துலேர்ந்து முடிவு வரைக்கும் நானே தைக்கிற ஒரே சாமான்டா இது" என்பாள். மாமா அதை மரியாதையாக 'பஞ்சு மூட்டை' என்று அழைப்பார். அவருக்கு ஆபீஸில் பட்டப்பெயர் 'ரூல்ஸ்'.

போன மாதம் அக்காவால் வலது தோளைத் தூக்கமுடியாமல் போனது. பிசியோதெரபி அம்மா அழுத்திப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "கையைத் தூக்கிட்டே தைக்கிறீங்க. உக்கார்ற இடத்தை மாத்துங்க. இல்லன்னா ரெண்டு மாசத்துல தைக்கிறதையே விட வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த அறையைக் கேட்டாள்.

"விருந்தாளி வந்தா எங்க படுப்பாங்க?" என்றார் மாமா.

"யாருங்க வரப்போறாங்க?"

"அது தெரியாததாலதானே தயாரா வச்சிருக்கோம்."

இதற்கு மேல் யாரால் வாதாட முடியும்? பட்டதாரி களத்தில் இறங்கினேன். கட்டம் போட்ட காகிதம் வாங்கினேன். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கை உயரத்தை மூன்று முறை அளந்தேன். மிகச்சரியாக அதே உயரத்துக்குப் புதிதாக ஒரு மேசை செய்து ஹாலில் போடும்படி ஒரு தச்சரிடம் சொன்னேன். அக்கா உட்கார்ந்தாள். முழங்கை மேசைக்குக் கச்சிதமாக வந்தது. ஆனால் அவள் மேசைமேல் தைப்பதில்லை, மெஷின்மேல் தைக்கிறாள். துணி ஓடும் இடம் மேசையைவிட நாலு அங்குலம் மேலே. தோள் காதைத் தொட்டது. அதுவும் போதாதென்று குயில்ட்டின் பாரம் முழுக்க ஓரத்தில் சரிந்து துணியை இழுக்க, ஊசி 'டக்'கென்று ஒடிந்தது.

"ரொம்பப் படிச்சவங்க போட்ட கணக்கோ?" என்றார் தச்சர்.

"ஏன் தம்பியைக் கேலி பண்றீங்க? அவன் அளவெல்லாம் சரிதான்" என்றாள் அக்கா. அவர் கேலியைவிட இந்த ஆதரவுதான் அதிகம் வலித்தது.

தச்சர் விளக்கினார். பலகையில் மெஷின் அளவுக்குத் துளை வெட்டி, அடியில் ஒரு தட்டு கொடுத்து மெஷினை இறக்கவேண்டும். துணி ஓடும் இடமும் பலகையும் ஒரே மட்டமாக வந்துவிடும். பாரம் தொங்காமல் படுத்துக்கொள்ள இடதுபக்கமும் பின்பக்கமும் தாராளமாகப் பலகை வேண்டும். "ஆறு ஏழு அடி நீளம். ஆனா இந்த ஹால்ல அதைப் போட்டீங்கன்னா, தம்பி வாசல்லதான் படுக்கணும்."

அக்கா எழுந்து போய் விருந்தாளி அறையின் கதவைத் தட்டிப் பார்த்தாள். செதுக்கு வேலையில்லாத, வழவழப்பான கதவு.

"இது எவ்வளவு நீளம் இருக்கும்?"

"ஆறே முக்கால்" என்ற தச்சர், என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கழட்டுங்க."

சாயங்காலம் மாமா வந்தபோது கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. ஜன்னலருகே நாலு மரக்கால்களின் மேல் கதவு படுத்திருந்தது. அதில் வெட்டிய துளையில் மெஷினின் அடிப்பாகம் இறங்கியிருந்தது. கதவில்லாத நிலையருகே நின்று மாமா மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு எங்க?"

"இதோ, தைச்சிட்டிருக்கேன்ல."

"யாரைக் கேட்டுக் கழட்டின?"

"தோளைக் கேட்டேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லக்கூடாதா மாப்ள? படிச்சவன்தானே?"

"நான் சொல்லி ஏற்கெனவே ஒரு ஊசி ஒடிஞ்சிருக்கு மாமா."

"கதவே இல்லாத ரூம்ல விருந்தாளியை எப்படிப் படுக்க வைக்கிறது? ஒரு முறைன்னு வேணாமா?"

"அதேதாங்க. படுக்கவைக்க முடியாது" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தன் வாயால் சொன்ன விதியைத் தானே மறுக்க ரூல்ஸின் ஆபீஸிலும் வழி கிடையாது. மாமா உள்ளே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த அதிகாரிபோல மேசையைச் சுற்றினார். குயில்ட்டின் பின்பாதி மேசைக்கும் சுவருக்கும் இடையே நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பலகைமேல் போட்டார். அப்போதுதான் அதன் பாரம் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

"சுவரோட ஒட்டிப் போட்டா விழாது" என்றார். "அதுகூடத் தெரியல உங்க தச்சருக்கு."

"போடுங்களேன்."

நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டு காலால் பெடலைத் துழாவினாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க. வயரை மிதிச்சிட்டு நிக்கிறீங்க."

மாமா காலைத் தூக்கினார். அக்கா பெடலை இழுத்து மிதித்தாள். அவளுடைய இரண்டு தோள்களும் இறங்கியே இருந்தன. துணி கோணாமல் ஓடியது.