காதுகுத்துக்கு வந்த பழைய பாக்கிக்காரர்

சில நாட்களாக என் போனுக்கு ஒரு பெண் பேசுகிறாள். என் மகன் கல்லூரியில் படிக்கும்போது ஏதோ செயலியில் வாங்கிய கடனாம். அவனுக்கே மறந்துபோன கடன். "முழுசா வேண்டாம்மா, ஒரு நூறு ரூபா மட்டும் போட்டு விடுங்க" என்று அவ்வளவு தன்மையாகக் கேட்கிறாள். திட்டினால்கூடப் பதில் சொல்லிவிடுவேன். அந்தத் தன்மைதான் எனக்கு ஆகாது. போனை மகனிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று அவன் சிரிக்கிறான். எனக்கு வருவது வெட்கம் என்று அவனிடம் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பிடித்த வெட்கம் அது.

நாங்கள் அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டில் வேலை பார்த்தார். பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் மிட்டாய்க் கடை போடுவதற்காக ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தார். அந்தப் புரோநோட்டில் அண்ணனுக்காக அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். கடை ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. திருப்பூருக்குப் போன பெரியப்பா போனவர்தான். கொஞ்ச காலத்தில் கடன் கொடுத்தவரும் இறந்துபோனார். அவருடைய பெட்டியில் கிடந்த வசூலாகாத நோட்டுகளை எல்லாம், எடைக்குப் பழைய பேப்பர் வாங்குவதைப் போல, ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். அப்படி வாங்கி வசூலிப்பதுதான் அவர் பிழைப்பு. பழைய பாக்கிக்காரர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் சத்தம் போடவே மாட்டார். மொபெட்டை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி சௌரியமா இருக்காவளா? சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பார். பணம் என்ற வார்த்தையை எடுக்க மாட்டார். ஆனால் வெகுநேரம் நிற்பார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற அளவுக்கு நிற்பார். மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அப்பா கொல்லைப்பக்கமாக வெளியே போயிருப்பார்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. யாரோ வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டு வந்து, சோறு சாப்பிட்டபடியே சொன்னார்.

"மச்சான், நோட்டு எழுதி மூணு வருஷம் தாண்டிட்டா அது செத்த நோட்டு. அந்த ஆளு கேஸ் போட ஏலாது. ஒண்ணே ஒண்ணுதான். பாக்கியைத் தாரேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுறாதிய. போட்டியன்னா அதுக்குத் திரும்ப உசுரு வந்துரும்."

அதற்குப் பிறகு அப்பாவின் நடையே மாறிவிட்டது. மொபெட் வந்தால் கொல்லைப்பக்கம் போகாமல் கட்டிலில் படுத்தபடி பீடி குடித்தார். அந்தத் தெம்பில்தான் என் காதுகுத்தை வைத்துவிடுவது என்று முடிவானது.

காதுகுத்து வைப்பதற்குக் காது மட்டும் காரணமில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரில் விசேஷம் என்றால் போய் மொய் எழுத வேண்டும். நாம் விசேஷம் வைக்கும்போது அவர்கள் வந்து கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து ஊருக்கெல்லாம் செய்துகொண்டே இருந்தார்கள். திருப்பி வாங்க எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. செலவுக்குப் பயந்து என் காதுகுத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "இவளுக்குக் காதுகுத்தையும் கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சிரலாம்டே" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

பத்திரிகை கொடுக்க அப்பா போனபோது சைக்கிளின் முன்கம்பியில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டார். தளவாய்புரத்தில் தூரத்துச் சித்தப்பா ஒருவர் இருந்தார். பத்திரிகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு வேற சோலி இருக்கும்போல இருக்கே" என்று இழுத்தார்.

"ஒம்ம கல்யாணத்துக்கு நான் செஞ்சது நெனைப்பிருக்கா?" என்றார் அப்பா.

"அது எந்தக் காலத்துச் சங்கதி!"

"எந்தக் காலமா இருந்தா என்ன, செஞ்சது செஞ்சதுதான?"

சித்தப்பா வருவதாக ஒத்துக்கொண்டார். அப்பா வழியெல்லாம் மணியை அடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

காதுகுத்து அம்மாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக் கோயிலில் நடந்தது. மாமா மடியில் உட்கார்ந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினேன். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய மண்டபத்தில் சாப்பாடும் மொய்யும். எங்கள் பக்கத்தில் மொய்யை எழுதுவதோடு விட மாட்டார்கள், மைக்கில் வாசிப்பார்கள். ஒருவர் எழுத, மைக்செட்காரர் பெயரையும் தொகையையும் சத்தமாகச் சொல்வார். மண்டபத்திலும் நான் மாமா மடியை விட்டு இறங்கவில்லை. காது எரிந்தாலும், ஒவ்வொரு தொகைக்கும் அப்பாவின் முகம் மலர்வதைப் பார்த்து நானும் மலர்ந்துகொண்டிருந்தேன். தளவாய்புரத்துச் சித்தப்பா எழுதினதைக் கேட்டு அப்பா தலையாட்டினார்.

அப்போதுதான் பழைய பாக்கிக்காரர் வந்தார். அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. சலவை வேட்டி சட்டையில், சொந்தத் தாய்மாமனைப் போல நேராக என்னிடம் வந்து, "வலிக்குதா தாயி?" என்று கேட்டார். பிறகு மொய் மேசைக்குப் போய் நூற்றியொரு ரூபாய் வைத்தார். மைக்செட்காரரும் வழக்கம்போல வாசித்தார். அப்பா எழுந்து போவதற்குள், பாக்கிக்காரர் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. மைக் உயர்த்திக் கொடுத்தது.

"புள்ளைக்கு நான் செஞ்சிட்டேன் அண்ணாச்சி. இதை நீங்க திருப்பிச் செய்ய வேண்டாம். ஒங்க அண்ணன் வாங்குன அந்தப் பழசை மட்டும் மனசுல வைங்க."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அம்மா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள்.

"அது மூணு வருஷம் தாண்டுன நோட்டு. செல்லாதுன்னு வக்கீலே சொல்லியாச்சு" என்றார் அப்பா. அதுவும் மைக்கில் கேட்டது.

"செல்லாதுதான். நான் இல்லைங்கலையே. கோர்ட்டுல செல்லாது." அவர் மேசையைப் பார்த்தார். "இந்தா எழுதுதாவளே, இவியளுக்கெல்லாம் நீங்க செஞ்சது மூணு வருஷத்துக்குள்ளயா அண்ணாச்சி? மொய்க்கு எத்தனை வருஷம்னு ஒங்க வக்கீலு சொன்னாரு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தளவாய்புரத்துச் சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டாம்பாரு கேள்வி! அண்ணே, இதுக்குப் பதில் சொல்லும்!" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல கேள்வி என்பதால் சிரித்தார்கள்.

அப்பாவின் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. என்ன நடக்கிறதென்று தெரியாவிட்டாலும் எனக்கு மாமா மடியிலிருந்து இறங்கி எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பா விறுவிறுவென்று மேசைக்குப் போய், மொய்ப் பணத்திலிருந்து ஒரு கொத்தை அள்ளி எண்ணினார்.

"இந்தா ஐந்நூறு. மீதியும் வரும். எவன் துட்டும் எனக்கு வேண்டாம்."

மறுபடி அழ ஆரம்பித்த என்னைக் கீழே போட்டுவிட்டு மாமா ஓடினார். "மச்சான், துட்டை வேணாக் குடுங்க. எழுதி மட்டும் குடுத்துறாதிய!"

"நீங்க சும்மா இருங்க மாப்ளே" என்றார் பாக்கிக்காரர். பெரியப்பாவின் புரோநோட்டு அவர் சட்டைப்பையிலிருந்து எப்போதோ வெளியே வந்திருந்தது. அதன் பின்பக்கத்தில், இவ்வளவு கொடுத்தேன், மீதியைத் தருகிறேன் என்ற வரியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். தொகைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "நாளைக்கு நான் வாங்கலைன்னு சொல்லிட்டா? அண்ணாச்சி நல்லதுக்குத்தான் கேக்கேன், ஒரு கையெழுத்து."

அப்பா சபையைப் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். அம்மா வாளியைத் தரையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

இத்தனைக்கும் நடுவில் பாவம், மைக்செட்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் பணம் கை மாறினால் வாசிப்பது அவருக்குப் பழக்கம். எனவே அப்பாவின் பெயரைச் சொல்லி, ரூபாய் ஐந்நூறு என்று கணீரென்று வாசித்துவிட்டார். அன்றைக்கு வாசித்ததிலேயே பெரிய தொகை அதுதான். நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

பாக்கிக்காரர் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் அப்பாவும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் கணக்கு தெளிவாக இருந்தது. மைக்கில் வாசித்தால் மொய். அப்பா அவருக்கு எல்லாரையும்விடப் பெரிய மொய் செய்திருக்கிறார். இனி அவர்தான் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட் வந்து நின்றது. அப்பா கொல்லைப்பக்கம் போகவில்லை, கட்டிலிலும் படுத்திருக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். மொய் கொண்டுவருகிறவரை அப்படித்தான் வரவேற்பார்கள் என்று நினைத்தேன். அடுப்படிக்கு ஓடி, "எம்மா, மொய் திருப்பிச் செய்ய வந்திருக்காவ!" என்று கத்தினேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல பாயைக் கொண்டுவந்து நானே விரித்தேன். "உக்காரச் சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா என் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார். அதுவரை அந்த மனிதரை அவர் உட்காரச் சொல்லி நான் கேட்டதேயில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவுக்கு ஓடிப்போய், எங்கள் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார் என்று வந்து பாருங்கள் என்று, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டேன்.