டிரைவர் சாப்பாடு

என் வீட்டுக்காரரைப் பற்றி கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவன் தலையில்தான் ஊரே மிளகாய் அரைக்கும். இந்த மனுஷன் அரைக்கிறவர்களுக்குத் தண்ணீரும் தெளித்துக் கொடுப்பார்.

பெயர் ஜெயமுருகன். டூரிஸ்ட் வேன் டிரைவர். சொந்த ஊர் பழனி அடிவாரம். என் மாமனார் அங்கே குதிரை வண்டி ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பக்தர்களை ஏற்றிக்கொண்டு போய் பாத விநாயகர் கோயில் பக்கம் இறக்கிவிடுவார். ஆட்டோக்கள் பெருகியதும் வண்டி படுத்தது. வண்டியோடு அவரும் படுத்துவிட்டார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வேனில் கிளீனராக மலை ஏறியது. அன்றைக்கு ஏறியவர்தான். நான் மன்னவனூர் பக்கத்துக்காரி. வெள்ளைப்பூண்டு போடுகிற குடும்பம். என்னைக் கட்டிக்கொண்டு வந்து நாயுடுபுரத்தில் குடிவைத்தார். நான் ரோட்டோரம் மலைப்பூண்டு கட்டி வைத்து விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு வாயாவது வேண்டும்.

இவருக்கு இரண்டு சிநேகிதர்கள். பழனி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஆனந்த், பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகன், இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாகக் கம்பெனி. சுவாமிநாதன், அப்பா கோயில் உத்தியோகத்தில் இருந்தவர், இவர் சென்னையில் பேங்க் ஆபீசர். படிப்பு பாதியில் நின்றதைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்த பெஞ்சிலிருந்து தன் பேர் அழிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் உயிரை வைத்திருந்தார். வேன் ஸ்டாண்டில் மற்றவர்கள் ரம்மி ஆடும்போது இவர் ஆனந்த் கட்டிய வீட்டைப் பற்றிப் பேசுவார், என்னவோ தானே நின்று கட்டிய மாதிரி.

ஆனந்த் கல்யாணத்தில் பெண் வீட்டாரை மண்டபத்துக்கு ஏற்றி இறக்கியது இவர் வேன்தான். அதைப் பெருமையாகச் சொல்வார்.

“அது சரி, உங்களைப் பந்தியில உக்காரச் சொன்னாங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லாத மகா. கல்யாண வீட்டுல ஆயிரம் சோலி இருக்கும்” என்று எழுந்து போய்விட்டார்.

போன மே மாதத்துக்கு முன்னால் ஆனந்த் போன் பண்ணினார். இவர் ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்க வேண்டுமாம்.

“மாப்ள, இந்த வருஷம் சிம்லா, மணாலின்னு ஊர் ஊரா சுத்தலாம்னு பிளான் போட்டோம்டா. அப்புறம் பாத்தா, எதுக்கு அம்புட்டு தூரம்? நம்ம மலை கெடக்கு, நீ இருக்க. ஒரு வாரம் நிதானமா சுத்துவோம். பழனி, பண்ணைக்காடு, கொடை, பூம்பாறை, அப்பிடியே அடுக்கம் வழியா பெரியகுளம் எறங்கிருவோம். நீயும் தங்கச்சியும் கூட வரணும். ஒண்ணு சொல்லிட்டேன், நீ ஸ்டியரிங்கத் தொடவே கூடாது. எங்ககூட பின்னாடிதான் உக்காரணும்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் இவரைக் கவிழ்த்தது. இத்தனை வருஷமாக இந்த மலையில் எத்தனையோ பேருக்கு எல்லா பாயிண்டும் காட்டியிருக்கிறார். ஓடுகிற வண்டியில் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்ததே இல்லை. டிரைவருக்கு மலை என்றால் முன்னால் வருகிற வளைவு, அதற்கடுத்த வளைவு, அவ்வளவுதான்.

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சீசன் நேரத்தில் வந்த டிரிப்புகளை எல்லாம் வேறு ஆட்களுக்குத் தள்ளிவிட்டார். ஓனரிடம் கெஞ்சி ஒரு வாரத்துக்கு வேனை வாங்கினார். ஸ்டாண்டில் இருக்கும் செல்வமுருகனை ஓட்டுவதற்குப் பேசினார். எல்லாருக்கும் புதுசு எடுக்கிற தீபாவளிக்கே பழைய சட்டையைப் போடுகிறவர், நீலக் கலரில் ஒரு புது ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டார். டூரிஸ்டுகளை டிரைவர்கள் ‘பார்ட்டி’ என்பார்கள். ஸ்டாண்டில் யாராவது “என்னண்ணே, ஒரு வாரம் பார்ட்டியா?” என்று கேட்டால் இவருக்கு ரோஷம் வந்துவிடும்.

“பார்ட்டி இல்லப்பா. என் ஃப்ரெண்ட்ஸு.”

இதோடு விட்டாரா? ஏரிப் பக்கம் வழக்கமாகப் பார்ட்டிகளைக் கூட்டிப்போகும் ஹோட்டல் மேனேஜருக்குப் போன் போட்டு, “இந்தத் தடவை நான் டேபிள்ல உக்காந்து சாப்பிடுவேன், ஆறு பேருக்கு எடம் போட்டு வைங்க” என்று சொல்லி வைத்தார். அதற்குக் காரணம் இருக்கிறது. ஹோட்டலுக்கு ஆள் கூட்டி வருகிற டிரைவருக்கு அங்கே காசில்லாமல் சாப்பாடு போடுவார்கள். அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம், நீளமாக ஒரு பலகை, எவர்சில்வர் தட்டு. டிரைவர் சாப்பாடு என்று பேர். கொடைக்கானலில் பாதி ஹோட்டல்களின் முன்வாசல் இவருக்குத் தெரியாது, பின்வாசல் அத்தனையும் அத்துப்படி.

சொன்ன நாளில் செல்வமுருகனோடு வெள்ளனே கிளம்பி பழனிக்கு இறங்கினோம். ஆனந்தும் அவர் மனைவி ஸ்வேதாவும், சுவாமிநாதனும் அவர் மனைவி லாவண்யாவும் லாட்ஜ் வாசலில் பெட்டியோடு நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், முதுகில் அடித்துக்கொண்டார்கள். எனக்கே மனம் இளகிவிட்டது. பெட்டிகளை எல்லாம் இவர்தான் தூக்கி ஏற்றினார். கை பழகிய வேலை, யாரும் தடுக்கவில்லை.

இவர் பின்பக்கம் ஏறப் போனபோது ஆனந்த் தோளில் கையைப் போட்டார்.

“டேய், அந்தப் பையன் எதுக்குடா? வெளியாள் ஒருத்தன் இருந்தா ஃப்ரீயா பேச முடியாது. ஸ்வேதாவுக்கு மலைன்னாலே பயம் வேற. நீ ஓட்டுனாத்தான் அவ கண்ணத் தொறந்து உக்காருவா.”

இவர் முகத்தை நான் பார்த்தேன். புது ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டார். “அதுவும் சரிதான்” என்றார். செல்வமுருகன் சாவியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? அவன் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான்.

“ஏங்க, பின்னாடி உக்காரணும்னுதான கூப்பிட்டாங்க?” என்றேன், காதோரமாக.

“விடு மகா. நம்ம ஆளுகளுக்குள்ள என்ன முன்னாடி, பின்னாடி.”

மலை ஏற ஏறப் பின்னால் பேச்சு களைகட்டியது. கணக்கு வாத்தியார், பரீட்சையில் பிட்டு, வையாபுரிக் குளத்தில் குதித்தது. இவருக்கும் தெரிந்த கதைகள்தான், இவரும் இருந்த கதைகள்தான். இன்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழாது. “என்னடா, என்ன சிரிப்பு?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். “நீ ரோட்டப் பாரு மாப்ள” என்று சுவாமிநாதன் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்தது முழுக்க இவர். “அண்ணா, இன்னும் கொஞ்சம் பின்னால போங்க, இன்னும் கொஞ்சம்” என்று ஸ்வேதா சொல்லச் சொல்ல இவர் மிளகுக் கொடிக்குள்ளேயே போய் நின்றார்.

மறுநாள் மத்தியானம் ஏரி ஹோட்டல். மேனேஜர் சொன்னபடி ஆறு பேருக்கு ஜன்னலோரம் இடம் போட்டிருந்தார். எங்களை வாசலில் இறக்கிவிட்டு இவர் வண்டியை நிறுத்தப் போனார். நான் பக்கத்து நாற்காலியை இவருக்காகப் பிடித்து வைத்திருந்தேன். தண்ணீர் வந்தது. ஆர்டர் எடுக்க ஆள் வந்தான்.

“அவரு வந்துரட்டுமே” என்றேன்.

“வருவான் தங்கச்சி, நாம சொல்லிருவோம்” என்றார் ஆனந்த்.

பிரியாணி வந்தது. இவர் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து பின்பக்கம் போனேன். நினைத்தது சரிதான். அந்த நீளப் பலகையில், நான்கு டிரைவர்களுக்கு நடுவில், நீல ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

தலை நிமிர்ந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றே அவருக்கு உறைத்தது.

“ஐயய்யோ! வண்டியப் போட்டுட்டுப் பின்வாசல் வழியா வந்தேனா, தட்டு வெச்சானுக, உக்காந்துட்டேன். கால் பழக்கம் மகா” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். “வா வா, வெரசா வா. காத்துக்கிட்டு இருப்பானுக” என்று எனக்கு முன்னால் நடந்தார்.

அவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. பிடித்து வைத்த நாற்காலியில் ஸ்வேதாவின் கைப்பையும் லாவண்யாவின் தொப்பியும் இருந்தன. அந்த இடத்துத் தட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனந்த் எலும்பைக் கடித்தபடி நிமிர்ந்தார். “சாப்ட்டியா மாப்ள? நல்லது. உனக்கு அங்கதான் ஃப்ரீயா இருக்கும்.”

இவர் நின்றார். ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றார். உட்காருடா என்று ஒரு வார்த்தை. அந்தப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தால்கூடப் போதும், உட்கார்ந்திருப்பார். சுவாமிநாதன் தயிர்ப்பச்சடியைத் தள்ளி வைத்தார். லாவண்யா போனைப் பார்த்தார். இவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

“ஆமாடா, சாப்ட்டேன். நீங்க நிதானமா சாப்பிடுங்க. நான் வண்டிகிட்ட இருக்கேன்.”

“அண்ணே, பின்னாடி உக்கார வெக்கிறேன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தீங்க? நல்லாவே உக்கார வெச்சிட்டீங்க, அடுப்படிக்குப் பின்னாடி” என்றேன். நாலு டேபிளுக்குக் கேட்டிருக்கும். ஆனந்துக்கு ஒரு நிமிஷம் முகம் செத்துவிட்டது. பிறகு சிரித்தார். “தங்கச்சிக்குக் கோபத்தப் பாருடா” என்றார் சுவாமிநாதனிடம். இலையை மடக்குகிற மாதிரி தட்டை மடக்க முடியாதே, அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேனுக்குள் இவர் என்னைத்தான் திட்டினார். “நாக்குல சனியனா ஒனக்கு? ஊர் முன்னாடி அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?”

அவன் மனசாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூம்பாறையிலும் சரி, மற்ற இடங்களிலும் சரி, சாப்பாட்டு நேரம் வந்தால் அவர்களை இறக்கிவிட்டு, தானே பின்பக்கம் போய்விடுவார். இப்போது அது கால் பழக்கம் இல்லை. எனக்குத் தெரியும். அவர்களோடு உட்கார எனக்கும் மனம் வரவில்லை, பூண்டுக் கடையைச் சாக்காகச் சொல்லி நானும் வண்டியிலேயே இருந்துகொண்டு போனில் பேசுகிற மாதிரி பாவனை பண்ணினேன். நீல ஸ்வெட்டரை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். கேட்டதற்கு, ஓட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்றார்.

கடைசி நாள் அடுக்கம் வழியாக இறங்கி, பெரியகுளத்தில் அவர்களுக்காக வந்து நின்ற காரில் ஏற்றிவிட்டோம். ஆனந்த் இவரை இறுகக் கட்டிக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது. “வாழ்க்கையில இப்பிடி ஒரு டிரிப் போனதில்ல மாப்ள” என்றார். அவர் போனதில்லைதான், இவர் தினமும் போகிறார்.

திரும்பி ஏறும்போது வேன் காலியாகக் கடகடத்தது. அடுக்கத்தைத் தாண்டி ஓர் அகலமான வளைவில் நிறுத்தச் சொன்னேன்.

“எறங்குங்க. பின்னாடி போயி உக்காருங்க.”

“என்ன கிறுக்கா ஒனக்கு?”

“உக்காருங்கன்னா உக்காருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பெரியகுளம் தோப்புகள் பச்சையாகக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

“அந்தா, வைகை டேம் தெரியுது பாரு” என்றார். “இந்த வளைவுல தெரியும்னு எனக்குத் தெரியாது மகா.”

அவ்வளவுதான் சொன்னார். பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தது. எழுந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். நான் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஆயுத பூஜை லீவுக்கு முன்னால் ஒரு நாள் காலை, வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பூண்டு கட்டிக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து போன். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டு பானெட் மேல் வைத்தார்.

“டிரைவர் ஜெயமுருகன்ங்களா? கோயம்புத்தூர்லேர்ந்து பேசுறோம். எங்க எம்.டி. ஆனந்த் சார் உங்க நம்பர் குடுத்தாரு. ரொம்ப நல்ல டிரைவர், தங்கமானவர்னு சொன்னாரு. சாப்பாட்டுக்குக்கூட நாம பாக்க வேண்டாமாம், நீங்களே பின்னாடி போயி சாப்பிட்டுக்குவீங்களாமே?”

குழாய்த் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தேன். இந்த ஒரு தடவையாவது, முருகா, ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாங்க சார். வாங்க. மலை ஏறுறதுக்கு இ-பாஸ் மட்டும் எடுத்துட்டு வந்துருங்க” என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடியும் துணியை எடுத்தார். எல்லாம் காதில் விழுந்தும் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“யாருங்க போன்ல?”

“பார்ட்டி.”

“யாரு அனுப்புன பார்ட்டி?”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “ஆனந்த் சார்” என்றார்.