விரலை அறியாத திரை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கேன்டீனுக்கு, தொழிலாளர்கள் தாங்களே சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தொடுதிரை ஒன்றை வடிவமைத்தேன். வேலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு அது நான்காவது வருடம். தனியாக என் பொறுப்பில் வந்த முதல் வேலை.

அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் கை கழுவி, வரிசையில் நின்று, வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முன்பு ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அவர் ஓய்வு பெற்றதும் திரை வைக்க முடிவு செய்தார்கள்.

நான் அதை எளிமையாகத்தான் செய்திருந்தேன். அடையாள அட்டையைக் காட்டினால் ஐந்து படங்கள் வரும். சாப்பாடு, குஸ்கா, லெமன் சாதம், தயிர் சாதம், சப்பாத்தி. கீழே பெரிய எழுத்தில் தமிழும் உருதும். ஒரு படத்தைத் தொட்டால் சீட்டு வந்துவிடும். யாராவது யோசித்துக்கொண்டே நின்றால் வரிசை தேங்குமே என்று இன்னொன்றும் சேர்த்திருந்தேன். பத்து விநாடி எதையும் தொடாமல் இருந்தால் திரை மாறி, ‘அடுத்தவர் வரவும்’ என்று சொல்லும். அதற்காகத் தொழிற்சாலை மேனேஜர் என்னைத் தனியாகப் பாராட்டினார்.

இரண்டாவது வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஒரே அட்டை எண் தினமும் ஒரு மணி தாண்டி வந்திருந்தது. படங்கள் திறந்திருக்கின்றன. எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பத்து விநாடியில் முடிந்திருக்கிறது. சில நாட்கள் அதே அட்டை இரண்டு முறை. யாரோ எழுதப் படிக்கத் தெரியாதவர் தடுமாறுகிறார் என்று முடிவு செய்தேன். எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். படங்களைப் பளிச்சென்று மாற்றினேன். பதிவில் ஒரு மாற்றமும் இல்லை.

மறுநாள் நானே கேன்டீனில் போய் நின்றேன்.

அந்த அட்டைக்கு உரியவர் நாற்பது வயதுப் பெண். ஈரத் தோலை விரித்து இழுத்துக் காயப்போடும் பிரிவில் வேலை. அட்டையைக் காட்டினார். குஸ்கா படத்தின்மேல் விரலை வைத்தார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பின்னால் ஒருவர், “இன்னா அக்கா, சீக்கிரம்” என்றார். ‘அடுத்தவர் வரவும்’ என்று திரை மாறியது. அவர் தகராறு எதுவும் செய்யவில்லை. முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். “அக்கா, எழுத்தப் பத்திக் கவலைப்படாதீங்க. படத்தப் பாத்துத் தொட்டா போதும்.”

அவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியும்மா. பத்தாவது பாஸ் பண்ணிருக்கேன். உன் மெஷினுக்குத்தான் என் வெரலு தெரியல.”

முகம் சுட்டது எனக்கு. “யாரையாவது தொடச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“மொத ரெண்டு நாள் சொன்னேன். தினமும் யாரக் கேக்கறது? சோத்துக்கு.”

அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். உப்பிலும் கெமிக்கலிலும் ஊறி ஊறிக் காய்ந்து, தோல் அட்டைபோலத் தடித்திருந்தது. அந்த மாதிரித் திரை விரலின் ஈரத்தையும் மெல்லிய மின்னோட்டத்தையும் உணர்ந்துதான் வேலை செய்யும். எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அலுவலகத்தில் எங்கள் விரல்களால்தான் சோதித்தோம். கையுறை தரவில்லையா என்று கேட்டேன். “குடுக்கறாங்க. போட்டுக்கினா தோலு வழுக்குது, பிடி நிக்கல” என்றார்.

மேனேஜருக்குக் காட்ட அவர் கையைப் போனில் படம் எடுத்தேன். மறுக்காமல் விரித்துக் காட்டினார்.

மேனேஜர், “மத்தவங்களுக்கெல்லாம் வேலை செய்யுதே மேடம்?” என்றார். அந்தப் பிரிவிலிருந்து எட்டுப் பேரை வரவழைக்கச் சொன்னேன். ஐந்து பேரின் விரலைத் திரை ஏற்கவில்லை. அதில் இருவர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் பின்னால் நிற்பவரைத் தொடச் சொல்லிச் சமாளித்திருந்தார்கள். மேனேஜர் அதற்குமேல் வாதாடவில்லை. திரைக்குக் கீழே, யார் அழுத்தினாலும் அமுங்கும் ஐந்து பொத்தான்கள் பொருத்துவதென்று முடிவானது. அதுவரை கேன்டீன் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று உதவுவார். ‘அடுத்தவர் வரவும்’ என்பதை அன்று மாலையே எடுத்துவிட்டேன்.

பொத்தான்கள் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பொருத்திய அன்று ஒரு மணிக்கு முன்பே போய்க் காத்திருந்தேன். பொத்தான்கள் நன்றாக வேலை செய்தன. வரிசை கரைந்தது. அவர் மட்டும் வரவில்லை. அவர் பிரிவுப் பெண்ணொருத்தியிடம் விசாரித்தேன்.

“அவங்க வேலய விட்டு நின்னுட்டாங்களே. கையில வெடிப்பு ஜாஸ்தியாயி சீழ் வெச்சிட்ச்சு. கெமிக்கல்ல கை வெக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அவர் கையை எடுத்த அந்தப் படத்தை அதற்கு முன்பே பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். அறிக்கையில் சேர்த்து, விரல் நுனியை மட்டும் வட்டமிட்டிருந்தேன். வட்டத்துக்கு வெளியே, விரல் மடிப்புகளில், காய்ந்த ரத்தம் கோடு கோடாக இருந்தது. இவ்வளவு தெளிவான படத்தில் அதை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விலாசம் கேட்டுக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வலது கையில் துணி சுற்றியிருந்தார். இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். பொத்தான் வைத்துவிட்டோம் என்றுதான் முதலில் சொல்ல வாயெடுத்தேன்.

“கை எப்டி இருக்கு அக்கா?” என்றேன்.

“இப்பத்தான் கேக்கற” என்றார். கோபமில்லை, குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு அவரே சொன்னார். “தேவல. நைட்ல அரிப்புதான் தாங்கல. கை ஆறினப்புறம் பேக்கிங்ல வேல தர்றதா வேற ஒரு கம்பெனில சொல்லிருக்காங்க. பாக்கலாம்.”

என் கம்பெனியிலோ அவருடைய பழைய தொழிற்சாலையிலோ சொல்லி ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். என்ன செய்ய முடியும் என்று எனக்கே தெரியாது. “வேணாம்மா” என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். தட்டெடுத்து வர எழுந்தார். நான் போடுகிறேன் என்றதற்கு விடவில்லை. துணி சுற்றிய கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடது கையாலேயே கரண்டியைப் பிடித்து, மெதுவாகச் சோறு போட்டார்.