பாடத்தில் இல்லாத சொல்

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையை ஒட்டிய ஒரு டயர் கடையின் மாடியில் ஆதிமூலம் பயிற்சி நிலையம் நடத்தினார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது அவர் தொழில். முதலில் வளைகுடா, பிறகு மலேசியா, இப்போது ஜார்ஜியா. அங்கே ஒரு பண்ணையில் கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கப் பெண்கள் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் தட்டிப் பழகிய கைகள் அதற்குத் தோது என்று அவர் முடிவு செய்தார். மலைக்காரப் பெண்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்திருந்தார். அதை ஒரு தகுதியாகவே பண்ணைக்காரர்களிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி தைலம்மாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்தாள். வாத்தியார் மலையேறி வந்த நாட்களை மட்டும் எண்ணினால் அது நான்காவதைத் தாண்டாது. கட்டியவன் திருப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவளும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக் காலம் தள்ளினார்கள். முப்பது வயதைத் தாண்டியவள் பெயரே கேட்டிராத ஒரு மொழியைக் கற்க உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் அண்ணன் வேடியப்பன் ஆந்திரச் சிறையில் கிடந்தான். மேல்முறையீட்டுக்கு நல்ல வக்கீல் வேண்டும். வக்கீல் வேண்டுமானால் அவள் ஜார்ஜியா போய்க் கொட்டை உடைத்தாக வேண்டும்.

மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கு ஜார்ஜிய மொழி தவிர வேறு தெரியாது, அதனால் வருகிறவர்கள் நாலு வார்த்தையாவது பேச வேண்டும் என்பது பண்ணையின் நிபந்தனை. சொல்லிக்கொடுக்க ஆதிமூலத்தின் அக்காள் மகன் அரங்கநாதன் இருந்தான். ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் டாக்டர் படிப்புக்குப் போய்ப் பாதியில் திரும்பியவன். மாமன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, மாமன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவன். வெள்ளைப் பலகையில் ஜார்ஜியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுவான். கமர்ஜோபா என்றால் வணக்கம். மத்லோபா என்றால் நன்றி. தேதா என்றால் அம்மா. மாமா என்றால் அப்பா.

கடைசிச் சொல்லுக்கு வகுப்பு கொல்லென்று சிரித்தது. தைலம்மாளின் பக்கத்து ஊர்க்காரி இருசம்மாள் விடவில்லை.

"அப்போ எங்கூட்டு மாமன அங்க கூட்டிக்கினு போனா, எனக்கு அப்பனாப் பூடுவாரே சார்?"

சிரிப்பு அடங்கியதும் அரங்கநாதன் பலகையின் நடுவில் பெரிதாக எழுதினான்: கி, பாட்டோனோ. ஆமாம், ஐயா. யார் எதைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று மாமன் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னான். பத்துப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கீழே டயர் கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சொன்னார்கள்.

பாட்டோனோ என்பது அந்த நாட்டில் ஒரு காலத்தில் பண்ணையடிமைகள் தங்கள் ஆண்டையைக் கூப்பிட்ட சொல். இன்று அங்கே அது வெறும் மரியாதை. பேருந்து ஓட்டுநரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் கல்வராயன் மலைக்கு அந்தச் சொல்லின் பழைய பொருள்தான் நன்றாகத் தெரியும். நாடு விடுதலையடைந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் அங்கே ஜாகிர்தார் காட்டை மலைமக்கள் கூலியில்லாமல் உழுதார்கள். தைலம்மாளின் தாத்தா உழுதார். ஏன் என்று கேட்க அவருக்கு ஒரு சொல்லை யாரும் கற்றுத்தரவில்லை. "உத்தரவு சாமி" என்ற சொல்லை மட்டும் பிறந்த உடனே கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆண்டைகள் எந்த மொழியில் பள்ளிக்கூடம் நடத்தினாலும் முதல் பாடம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

தைலம்மாள் கையைத் தூக்கினாள். "சார், இல்லன்னு சொல்றதுக்கு இன்னா?"

அரங்கநாதன் வாயைத் திறப்பதற்குள் முன்னறையிலிருந்து ஆதிமூலம் வந்து நின்றார். அதட்டவில்லை. சிரித்த முகத்தோடுதான் பேசினார்.

"இந்தாம்மா, வேல குடுக்கறவங்ககிட்ட ஆமான்னு சொல்லத்தான் ஒன்ன கூட்டிக்கினு போறேன். இல்லன்னு சொல்றதுக்கு நீ மலையிலயே குந்திக்கினு இருக்கலாம். பஸ் சார்ஜாவது மிச்சம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். இருசம்மாள் அவள் தொடையைக் கிள்ளி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும் தைலம்மாள் படிக்கட்டில் அரங்கநாதனை மறித்து, வேடியப்பன் கதையைச் சொன்னாள். கட்டட வேலை என்று ஒரு மேஸ்திரி அவனை லாரியில் ஏற்றிப் போனான். இறக்கிவிட்ட இடம் ஆந்திராவில் ஒரு செம்மரக் காடு. போகும் வழியில் அவன் வேடியப்பனுக்கு ஒரே ஒரு தெலுங்குச் சொல்லைக் கற்றுக்கொடுத்தான். அவுனண்டி. ஆமாங்க. போலீஸ் எதைக் கேட்டாலும் இதைச் சொல்லு, பணிவான ஆளென்று விட்டுவிடுவார்கள் என்றான். மேஸ்திரி தப்பினான்; வேடியப்பன் மாட்டிக்கொண்டான். மரம் வெட்டினாயா என்று கேட்டார்கள். அவுனண்டி. போன வருடமும் வந்தாயா? அவுனண்டி. நீதிமன்றத்திலும் கையைக் கட்டிக்கொண்டு அதையே சொன்னான். தீர்ப்பைச் சொன்னபோதும் அதையே சொன்னானாம்.

"மருவாதியாத்தான் சார் சொல்லிருக்கான். அந்த ஒண்ணத்தவிர அவனுக்கு இன்னா தெரியும்?"

அரங்கநாதன் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் ஆதிமூலம் வெளியே போயிருந்த நேரம். அரங்கநாதன் ஒரு நாற்காலியைத் தொட்டு, இது நாற்காலியா என்று ஜார்ஜிய மொழியில் கேட்டான். எஸ் ஸ்காமி அரிஸ்? எல்லோரும் கி பாட்டோனோ என்றார்கள். அரிஸ் என்றால் இருக்கிறது என்றும் விளக்கினான். பிறகு மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினான். எஸ் ஸ்காமி அரிஸ்? பத்துப் பேரும் கொஞ்சமும் தயங்காமல் கி பாட்டோனோ என்றார்கள். தைலம்மாளின் வாயும் அதையே சொன்னது. சொன்ன பிறகுதான் டம்ளரை நாற்காலி என்றது அவளுக்கு உறைத்தது. அரங்கநாதனின் முகமும் மாறிப்போயிற்று. டம்ளரை மேசையில் வைத்தான். மாடிப்படியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தைலம்மாளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அரா. இல்லை. அரா."

பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மின்கம்பத்தைக் காட்டி, இக் அரிஸ், அதோ இருக்கிறது என்றான். பலகையில் எதையும் எழுதவில்லை.

நேர்காணல் சனிக்கிழமை. ஆதிமூலம் ஜோசியரிடம் போய் நல்ல நேரம் குறித்து வந்திருந்தார். மடிக்கணினிக்குப் பொட்டு வைத்து, அதன் கீழ் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். ஜார்ஜியாவின் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு நம் எமகண்டம் தெரியாது. நல்ல நேரம் முழுக்கத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பண்ணைக்காரம்மா திரையில் வந்தார். நாதெலா என்று பெயர். தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடி, ஜலதோஷம் பிடித்த மூக்கு, முதுகுக்குப் பின்னால் சாக்கு மூட்டைகள்.

அவர் வேலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வருகிறவர்களைப் பற்றித்தான். சொந்த விருப்பத்தில் வருகிறீர்களா? ஒப்பந்தத்தின் நகல் கிடைத்ததா? பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா? ஆளை ஏமாற்றிக் கொண்டுவந்து அடைத்துவைக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கப்படும் கேள்விகள் அவை. ஆமாம் என்ற ஒன்றை மட்டும் தெரிந்தவளிடம் கேட்டால், காப்பாற்ற வந்த கேள்வியே அவளைக் கட்டிப்போட்டுவிடும். ஆதிமூலத்துக்கு அது தெரியும். பத்து பாஸ்போர்ட்டும் அதே அறையின் மூலையில் இருந்த இரும்பு பீரோவில் இருந்தன. தபாலில் வந்த அன்றே வாங்கிப் பூட்டியிருந்தார். அங்கே இறங்கியதும் தன் ஆள் ஒருவன் வாங்கி வைத்துக்கொள்வான், தொலைந்துவிடக் கூடாதல்லவா என்றும் சொல்லியிருந்தார்.

முதலில் உட்கார்ந்தவள் கி பாட்டோனோ என்றாள். தன்னை ஐயா என்றதற்கு நாதெலா சிரித்து, கல்பாட்டோனோ, அம்மா என்று திருத்தினார். அடுத்தவளும் ஆமாம் என்றாள். இருசம்மாளும் அதையே சொன்னாள். கேள்வி ஒவ்வொரு முறை வரும்போதும் தைலம்மாளுக்கு பாஸ்போர்ட்டி என்பதும் அரிஸ் என்பதும் காதில் விழுந்தன. நடுவில் இருந்த சொல் புரியவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நாதெலா திரையிலிருந்து விரலை நீட்டி எதிரில் இருப்பவளைக் காட்டினார். அரங்கநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தைலம்மாளின் முறை வந்தது. ஆதிமூலம் கேமராவில் படாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கி என்றால் விமானம், சம்பளம், வக்கீல், அண்ணன். இன்னொரு சொல்லைச் சொன்னால் எதுவும் இல்லை. முதல் கேள்விக்குக் கி என்றாள், சொந்த விருப்பம்தான். இரண்டாவது கேள்வி புரியவில்லை. அதற்கும் கி என்று வந்துவிட்டது. மூன்றாவது கேட்டார்.

"பாஸ்போர்ட்டி த்க்வென்தன் அரிஸ்?"

மேசைக்கடியில் ஆதிமூலத்தின் செருப்புக்கால் அவள் வெறுங்காலின் மேல் ஏறி அழுத்தியது. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் ஒருவேளை கி என்றே சொல்லியிருப்பாள்.

"அரா."

நாதெலா கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, மறுபடி கேட்டார்.

"அரா, கல்பாட்டோனோ." தைலம்மாள் பீரோவைக் கைநீட்டிக் காட்டினாள். "இக் அரிஸ்."

ஆதிமூலம் மடிக்கணினியை மூடினார். அவர் தைலம்மாளைப் பார்க்கவே இல்லை, மருமகனைப் பார்த்தார்.

"இத்த யார்ரா கத்துக் குடுத்தது?"

"நான்தான் மாமா."

அதற்குள் அரங்கநாதனின் கைபேசி அடித்தது. நாதெலாதான், வீடியோ அழைப்பில்; பண்ணையோடு பேசிவந்தவன் என்பதால் அவன் எண் அவரிடம் இருந்தது. அவன் எடுத்து, அவர் முகம் எல்லோருக்கும் தெரியும்படி நீட்டிப் பிடித்தான். மாமன் முறைத்தபோதும் கீழே இறக்கவில்லை. அந்த அம்மா சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். பாஸ்போர்ட்டுகளை இப்போதே, தன் கண்ணெதிரில் அவரவர் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூதரகத்துக்கு எழுதுவேன் என்கிறார். ஆதிமூலம் இடுப்புச் சாவியை எடுத்தார். மனம் மாறிவிடவில்லை, தூதரகத்துக்குப் புகார் போனால் மேற்கொண்டு தொழில் நடத்த முடியாது. பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டுகளை மேசைமேல் போட்டார்.

இந்த ஏஜெண்டு மூலமாக ஒருவரையும் எடுக்க முடியாது என்று நாதெலா முடித்துக்கொண்டார். பத்துப் பேரின் பெயரையும் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். வாக்கு எதுவும் தரவில்லை.

படியிறங்கும்போதே வசவு தொடங்கிவிட்டது. பத்துக் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டாயே என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். பெரிய கலெக்டரு, கேள்வி கேட்டுட்டா என்றாள் இன்னொருத்தி. தைலம்மாளுக்கே அண்ணன் முகம் முன்னால் வந்து நின்றது. இனி வக்கீலுக்கு எங்கே போவது? மரவள்ளிக் காட்டுக் கூலியில் அது நடக்கிற காரியமில்லை.

மலைப் பேருந்தில் இருசம்மாள் வேண்டுமென்றே இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். வடக்கனந்தல் போயிற்று. கச்சிராயபாளையத்தில் கூட்டம் இறங்கியது. வளைவுகள் தொடங்கியபோது அவள் எழுந்து வந்து, தைலம்மாளைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தாள். அதுவரை அதைத் திறந்து பார்த்ததே இல்லை. தன் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்கண்ணன் இப்போ இன்னா ஆவான்?"

"உள்ளதான் இருப்பான். அரங்கநாதன் சாருக்குத் தெரிஞ்ச வக்கீல் சேலத்துல இருக்காராம். பஸ் ஏர்றப்போ வந்து, கேட்டுப் பாக்கறன்னாரு."

"அவரையே மாமன் வூட்ட வுட்டுத் தொரத்திருப்பாங்க இந்நேரம்." இருசம்மாள் பாஸ்போர்ட்டை மூடி மடியில் அழுத்திப் பிடித்தாள். "இத்த வூட்ல எங்கடி வெக்கிறது? பரணெல்லாம் எலி."

"அரிசி டப்பாவுல போட்டு இறுக்கி மூடு," என்றாள் தைலம்மாள். "யாராச்சும் வந்து கேட்டா குடுக்காத."