மெத்தைக்குள் போன ஊசிமுனை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதுதான் படித்தேன், மறதியும் உண்டு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து குவார்ட்டர்ஸில் பிறந்த குழந்தைக்காக, இரண்டு பழைய புடவைகளுக்கு நடுவே பஞ்சு பரப்பி, மிஷினில் குட்டி மெத்தை தைத்தேன். மிஷின் பழகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கனத்தில் துணி நகரவில்லையே என்று கையால் இழுத்தேன். டக்கென்று ஊசி உடைந்தது. முனையைக் காணோம். தரையெல்லாம் தேடினேன், மெத்தையையும் தடவிப் பார்த்தேன். எங்கேயோ தெறித்திருக்கும் என்று வேறு ஊசி போட்டுத் தைத்து முடித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மருமகள் செல்வி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் பயந்துகொண்டே சொன்னேன்.

"இன்னா அத்த, இதுக்கா அழுதுகினு இருக்கீங்க? பெல்ட்டுல கரியோட வர்ற போல்ட்டையே காந்தம் புடிச்சி இழுத்துக்குது. ஊசி எம்மாத்திரம்?" என்று சிரித்தாள்.

பழுதான ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி, மெத்தைமேல் மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் துணி தானாக எழும்பியது. உள்ளே ஏதோ உயிர் இருப்பதுபோல முனை புடவையைத் துளைத்து வெளியே வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. குழந்தை தலை வைக்கும் இடம்! கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யார கும்புடுறீங்க? என்னையா, காந்தத்தையா?" என்றாள்.

இப்போது நான் துணியை இழுப்பதில்லை. மிஷின் நகர்த்தும் வேகத்துக்கே கையை விடுகிறேன். ஊசி உடைந்தால், துண்டுகளைச் சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தையல். கனத்த துணிக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி என்று கடைக்காரர் சொன்ன ஞாபகம், பதினாறோ என்னவோ. தையல் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.