உம்ரா என்று நானே முடிவுகட்டிய நாள்

சாவைப் பற்றி நோயாளியிடம் வாய்திறந்து கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கொண்டுபோய் அவர் தலையில் வைத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மனநலப் பிரிவில் ஆண் தாதியாகச் சேர்ந்த புதிதில் மட்டுமல்ல, அனுபவசாலி என்று பெயர் எடுத்த பிறகும் நம்பினேன். நித்திரை வருகிறதா, சோறு இறங்குகிறதா, கடலில் மீன் படுகிறதா என்றெல்லாம் கேட்பேன். முக்கியமான கேள்விக்கு வரும்போது தொண்டையைச் செருமி, "வேற ஏதும்...?" என்று இழுப்பேன். "முழங்கால் நோகுது சேர்" என்பார்கள். நிம்மதியாக முழங்காலைப் பார்ப்பேன்.

எங்கள் கிளினிக் அப்போது துறைமுகப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. யன்னலைத் திறந்தால் எண்ணெயும் உப்பும் கலந்த காற்று வரும். மின்விசிறி சுற்றுவதை விடச் சத்தம் போடுவதுதான் அதிகம். சிற்றூழியர் ஜமால்தீன் நானா இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ கொண்டுவருவார். புதுக் கட்டடத்தில் ஏசி இருக்கிறது. அந்தத் தேத்தண்ணி இல்லை.

நஸீமா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. கிண்ணியாவிலிருந்து வருவார். மனச்சோர்வு, அதோடு ஆளுமைக் கோளாறு. கதிரையில் இருக்க முதலே சண்டை தொடங்கிவிடும். "நான் மௌத்தாப் போனாத்தான் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சாவைச் சொல்லிக் கத்துவார். நானா என் காதருகே, "இண்டைய செய்தி தொடங்கிட்டு சேர்" என்பார். நானும் சிரிப்பேன். கத்துகிறவர் செய்யமாட்டார் என்பது நான் கண்டுபிடித்து வைத்திருந்த இரண்டாவது விஞ்ஞானம்.

ஒரு நாள் நஸீமா சத்தமில்லாமல் வந்தார். நானாவிடம் போய், "நான் ஏதும் பிழையாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க நானா" என்றார். மருந்து கொடுக்கும் பிள்ளையிடமும் அதையே சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ மக்கா போகிறவர்கள், புறப்பட முதல் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். நான் சல்லிக் கிராமத்தில் பிறந்த சைவப் பிள்ளை என்றாலும் முஸ்லிம் கூட்டாளிகளோடு வளர்ந்தவன். எனக்குத் தெரியாத வழக்கமா?

"சந்தோஷமாப் போய்ட்டு வாங்க. எனக்குப் பேரீச்சம்பழம் மறக்கப்படாது" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி சேர்."

கொஞ்ச நேரத்தில் டொக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் இளைய பெண். "நஸீமான்ர கொப்பி இருக்கு, ஆளைக் காணேல்லை?"

"போயிட்டா போல மிஸ். இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லை, நல்ல சுகம். உம்ராவுக்குப் போறா."

"அவவோ சொன்னவ?"

"எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேட்டவ மிஸ்."

"உம்ரா எண்டு அவ சொன்னவவோ?"

யோசித்துப் பார்த்தேன். ஜமால்தீன் நானா சொல்லவில்லை. நஸீமாவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

டொக்டர் பேனையை மூடினார். "கத்திறவ செய்யமாட்டா எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள். எனக்குக் கத்திக் களைச்சவவைப் பாத்தால்தான் பயம். போய் நேராக் கேளுங்கோ. கேட்டதால ஒருத்தரும் சாகேல்லை. ஓடுங்கோ."

ஓடினேன். பிரஷர் பார்க்கும் பட்டி கையில் தொங்கியது. செருப்பில் ஒன்று மீன் கடைக்கு முன்னால் கழன்றது, நிற்கவில்லை. பஸ் நிலையத்தில் கொண்டக்டர் "கிண்ணியா, கிண்ணியா" என்று கூவ, நான் ஒவ்வொரு யன்னலாக எட்டிப்பார்த்தேன். பொலிஸைக் கூப்பிட வேண்டிய ஆளாக என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

நஸீமா ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். மூச்சு வாங்கியது.

"என்ன சேர், நெஞ்சு நோகுதா? முதல்ல இருங்க" என்று தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். நோயாளியைப் பரிசோதிக்க வந்த என்னை நோயாளி பரிசோதித்தார்.

குடித்தேன். ஆட்கள் இல்லாத ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். தொண்டையைச் செருமவில்லை.

"நஸீமா, செத்துப்போகணும் எண்டு நினைக்கிறீங்களா?"

"ஓம்" என்றார்.

"இண்டைக்கா?"

"ஓம் சேர்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு காலமும் கத்தாதீங்க எண்டுதான் எல்லாரும் சொன்னீங்க. இத ஒருத்தரும் கேக்கல்ல."

"தனிய விடமாட்டன். வாங்க, மிஸ்ஸிட்டப் போவம்" என்றேன். இன்னும் என் கையில் தொங்கிய பட்டியை அவர் வாங்கிக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு நான் பக்கத்தில் நடந்தேன்.

இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சத்தம் குறைந்ததைச் சுகம் என்று எழுதாதீர்கள். மனதுக்குள் முடிவெடுத்துவிட்ட ஆளும் அமைதியாகத்தான் இருப்பார். நோயின் பெயரைப் பார்த்து ஆளை நடிப்பென்று தள்ளாதீர்கள். கேளுங்கள்.

நஸீமா அன்று வீட்டுக்குப் போகவில்லை, வார்டில் தங்கினார். கிண்ணியாவிலிருந்து அவருடைய தாத்தா, அதாவது அக்கா, வந்து பக்கத்தில் இருந்தார். பிறகும் இரண்டு தடவை அந்த நினைப்பு வந்தது. இரண்டு தடவையும் அவரே பஸ் ஏறி வந்து எங்களிடம் சொன்னார். போன மாதமும் கிளினிக்குக்கு வந்தார்.